“இது நோயாளிக்கு இல்ல, எனக்கு”

வன்னியில் ஒரு ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒருநாள் இரவுக் கடமையில், கூட இருந்த அக்கா பி.எச்.ரியில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளில், “2.10, டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது” என்று எழுதி, நேரத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். “இது நோயாளிக்கு இல்ல, எனக்கு” என்றார். பட்டப்படிப்பு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். பின்னால் விசாரணை வரும் என்ற பயத்தில் தாதியர் எவ்வளவு வேலை செய்கிறோம் என்பதை எப்படி அளப்பது?

தேடிப் பார்த்ததில் வைத்தியர்களுக்கான கேள்வித்தாள்கள்தான் கையில் அகப்பட்டன. பென்சில்வேனியாவில் 824 வைத்தியர்களிடம் கேட்டு 2005இல் வெளிவந்த ஆய்வில், 93 சதவீதம் பேர் அப்படிப் பயத்தில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய பங்கு, தேவையில்லாமல் பரிசோதனைகளும் ஸ்கானும் எழுதுவது. ஸ்கான் எழுதுவது எங்கள் வேலையே இல்லை. எங்கள் பயம் வேறு இடங்களில் தெரியும்: எல்லாக் கட்டிலுக்கும் தடுப்பை உயர்த்திவிடுவது, சின்ன விசயத்துக்கும் டொக்டரை எழுப்புவது, கோபமாக நிற்கும் உறவினர் பக்கம் போகாமல் இருப்பது. ஆகவே கேள்விகளை நானே எழுத வேண்டியதாயிற்று.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சொல். “தற்காப்புக்காக” என்று எழுதியிருந்தேன். சக தாதியர் ஐந்து பேரிடம் கொடுத்து, வாசித்துவிட்டு விளங்கியதைச் சொல்லச் சொன்னேன். “ஓம் அக்கா, எப்பவும் கையுறை போட்டுத்தான் செய்வன்” என்றாள் ஒரு தங்கச்சி. சரி, “பாதுகாப்பு நடவடிக்கை” என்று மாற்றலாமா என்று யோசித்தேன். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்களுக்கு வேறு நினைவுகள் வரும். கடைசியில் நாங்கள் வாட்டில் பேசுகிற மாதிரியே, “நோயாளிக்குத் தேவையில்லை என்று தெரிந்தும், பிறகு கேள்வி வரும் என்பதற்காக” என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் ஒருவரும் பிழையாக விளங்கவில்லை.

அந்த நீளம் இன்னொன்றையும் காப்பாற்றியது. “பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி டொக்டரை வற்புறுத்துவீர்களா?” என்று வெறுமனே கேட்டால், இங்கே ஆம் என்பதில் பயம் இருக்க வேண்டும் என்றில்லை. மழை நேரம், இரவு, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிற தூரம் எல்லாம் பார்த்தால், இரத்தப்போக்குள்ள தாயை முந்தியே அனுப்பச் சொல்வது நல்ல கவனிப்பு. செயலை மட்டும் எண்ணினால் கவனமான தாதியைப் பயந்தவர் என்று எழுதிவிடுவோம். அது அநியாயம். ஆகவே ஏன் செய்கிறோம் என்ற காரணத்தைச் சேர்க்காத கேள்வி ஒன்றையும் நான் தாளில் வைக்கவில்லை.

கணக்குப் பகுதியில் ஒரு பிழை விட்டேன். கூடுதலாகச் செய்வதையும் ஒதுங்கிப்போவதையும் ஒரே புள்ளியாகக் கூட்டினேன். ஆனால் பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறவர் உறவினரிடம் நின்று பேசவும் கூடும். இரண்டையும் பிரித்து, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா என்ற எண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் திருத்தினார்.

பெயர் கேட்காவிட்டால் ஆள் தெரியாது என்றும் நினைத்திருந்தேன். எட்டுப் பேர் உள்ள வாட்டில் ஆணா பெண்ணா, எத்தனை வருடச் சேவை என்று கேட்டாலே யார் என்று தெரிந்துவிடும். முதலாவதை நீக்கிவிட்டேன், இரண்டாவதைப் பத்து வருடத்துக்குக் கீழே, மேலே என்று மட்டும் வைத்தேன். மூடிய பெட்டியைத் தேத்தண்ணி குடிக்கிற அறையில் வைத்தேன், பொறுப்புத் தாதியின் மேசையில் வைக்கவில்லை.

பதில்கள் மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க, இரண்டு கிழமை கழித்து அதே ஆட்கள் அதே தாளைத் திரும்ப நிரப்ப வேண்டும். பெயரில்லாத தாள்களைச் சோடி சேர்க்க, மூலையில் ஒரு பூவின் பெயர் எழுதச் சொன்னேன். மூன்று பேர் செவ்வரத்தை எழுதியிருந்தார்கள். அந்த மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். அடுத்த வாட்டில் பூவோடு இரண்டு இலக்க எண்ணும் கேட்கிறேன்.