நாட்டுத் துப்பாக்கி வழக்கில் ஒரு ‘லாம்’

‘ஆயுதம் சுடும் நிலையில் உள்ளது. குழலில் கரிமருந்துப் படிவு உள்ளது. உடலிலிருந்து எடுத்த குண்டுகள் இதிலிருந்து சுடப்பட்டிருக்கலாம்.’ நாட்டுத் துப்பாக்கி வழக்கில் தடய அறிவியல் ஆய்வக ரிப்போர்ட் இப்படி முடிந்திருந்தால், எதிரித் தரப்பு வழக்கறிஞரான நீங்கள் முதல் இரண்டு வரிகளை விட்டுவிட்டு அந்த ‘லாம்’ மீது கை வையுங்கள்.

நம் மலையோர ஊர்களில் பிடிபடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ கம்பியால் இடித்து இறுக்கி, மேலே பால்ரஸ் (சிறு இரும்பு உருண்டை) அல்லது ஈயக்குண்டு போட்டு, மறுபடி நார் வைத்துக் கெட்டிப்பார்கள். பின்பக்கம் முலை போல நீட்டிய சிறு குழாயில் அடித்தால் பொறி பறக்கும் ஒரு கேப். குதிரை எனப்படும் சுத்தியல் அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். குழலின் உட்புறம் வழவழப்பு. ரைஃபிளில் இருக்கும் மரை போன்ற முறுக்கு வரிகள் இல்லை. குண்டின் மேல் ‘இந்தக் குழல்தான்’ என்று காட்டும் கீறல் விழ வழியில்லை. சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டா உறையும் இல்லை. ஆகவே ‘சுடப்பட்டிருக்கலாம்’ என்பதன் முழு அர்த்தம், குண்டின் விட்டம் குழலுக்குள் போகும் என்பது மட்டுமே. அதே பால்ரஸ் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக்குள்ளும் போகும். குறுக்கு விசாரணையில் நிபுணரிடம் இதை நேராகக் கேட்டால் நேர்மையானவர் ஒத்துக்கொள்வார்.

கரிமருந்துப் படிவும் அப்படித்தான். எப்போதோ சுட்டிருக்கிறார்கள் என்று தெரியும். எந்தத் தேதியில் என்று எந்த ஆய்வும் சொல்லாது. காட்டுப்பன்றிக்குச் சுட்ட படிவும் இதே படிவுதான்.

இந்த வகை வழக்கில் உண்மையில் பேசக்கூடிய சாட்சி காயத்துக்குள் இருக்கிறது: நார். கிட்டத்தில் சுட்டால் அடைப்பும் குண்டோடு உள்ளே போய்விடும். பிரேதப் பரிசோதனையில் அதை அழுக்கென்று கழுவிவிட்டால் போயிற்று. எடுத்து வைத்திருந்தால், குழலில் மிச்சமிருக்கும் நாரோடு ஒப்பிடலாம். பலவீனமான இணைப்புதான், ஆனாலும் ‘லாம்’மை விட மேல். கூடவே எண்ணிக்கையைப் பாருங்கள்: எக்ஸ்ரேயில் எத்தனை, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எத்தனை, பாட்டிலில் எத்தனை, ஆய்வகம் பெற்றது எத்தனை. நான்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வாதம் அங்கேயே தொடங்குகிறது.

தோட்டா போட்டுச் சுடும் நாட்டுப் பிஸ்டல் என்றால் கதை மாறும். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் அதன் ஃபயரிங் பின் பல சமயம் அரத்தால் ராவிய ஆணி. கையால் ராவியதால் அரத்தின் கீறல்கள் அதற்கே உரியவை. தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரில் ஆணி குத்திய பள்ளத்தில் அந்தக் கீறல்கள் அச்சாக விழும். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இடப்பாதி சம்பவ இடத்து உறை, வலப்பாதி ஆய்வகத்தில் அதே பிஸ்டலில் சுட்ட சோதனை உறை. நடுக்கோட்டின் இருபுறமும் பள்ளத்தின் அடிக்கீறல்கள் ஓடிச் சேர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். 1958-ல் வெளியான கலுவா தீர்ப்பில், கொலையானவரின் கட்டிலருகே கிடந்த உறையும் நாட்டுப் பிஸ்டலும் இப்படி ஒத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆனால் குழல் ஆடும் பிஸ்டலில் பின் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் குத்தும். அதனால் நிபுணரிடம் முதல் கேள்வி, சோதனைக்கு எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்பது. சோதனை உறைகள் முதலில் தமக்குள் ஒத்தாக வேண்டும். அது இல்லாமல் சம்பவ உறையோடு ஒத்தது என்பது வெறும் வார்த்தை. நுண்ணோக்கிப் படங்களும் பணிக்குறிப்பும் ரிப்போர்ட்டோடு இல்லையென்றால் மனு போட்டு வரவழையுங்கள். உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் தழும்பு மட்டும் ஒத்தது என்றால் ஏமாறாதீர்கள். சுடாமல் போட்டு எடுத்தாலே அது விழும்.

உறை முதல் நாள் கிடைக்கும். பிஸ்டல் பிறகு வாக்குமூலத்தின் பேரில் ‘கைப்பற்றப்படும்’. இரண்டும் ஒரே நாளில் ஆய்வகத்துக்குப் போயிருந்தால், ஸ்டேஷனில் வைத்துச் சுட்ட உறையா என்ற சந்தேகத்தை அரசுத் தரப்பால் எளிதில் துடைக்க முடியாது. பிஸ்டல் பிடிபடும் முன்பே உறை நீதிமன்றம் சேர்ந்ததா என்பதை, கைப்பற்றிய பொருட்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பட்டியலான படிவம் 95-ல் உள்ள தேதியில் பாருங்கள். உறையையும் பிஸ்டலையும் ஆய்வகத்துக்கு அனுப்பவே இல்லையென்றால், அதை அரசுத் தரப்பின் குறையாகப் பார்த்த 1995-ன் சுக்வந்த் சிங் தீர்ப்பு கைகொடுக்கும்.

ஆயுதமே கிடைக்காத வழக்கில் நிபுணர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஜெசிகா லால் வழக்குதான் பாடம். 1999-ல் டெல்லியில் ஒரு விருந்தில் அந்த மாடல் அழகி சுட்டுக் கொல்லப்பட்டார். கிடைத்தவை .22 உறைகள் இரண்டு. ஆயுதம் இல்லாமல் உறுதியான கருத்து சொல்ல இயலாது என்று எழுத்தில் கொடுத்த நிபுணர், கூண்டில் ஏறி அவை இரு வேறு ஆயுதங்களிலிருந்து வந்தவை போலத் தெரிகிறது என்றார். 2010-ல் உச்ச நீதிமன்றம் அந்த இரு ஆயுதக் கதையை ஏற்காமல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அந்த நிபுணர்மீது எடுத்த பொய்ச் சாட்சி நடவடிக்கை 2016-ல் ரத்தானது. கருத்தை ஏற்காதது வேறு, பொய் சொன்னது வேறு.

தூரக் கணக்கில் இன்னும் கவனம். தோட்டா போடும் 12 போர் வேட்டைத் துப்பாக்கிக்குச் சொல்லும் ‘கஜத்துக்கு ஓர் அங்குலம் பரவல்’ என்ற தோராயத்தைக் கைப்பிடி மருந்து கெட்டித்த துப்பாக்கிக்குப் பொருத்தவே கூடாது. எத்தனை மருந்து, எத்தனை இறுக்கம் என்பது கெட்டித்தவனுக்குத்தான் தெரியும். இறந்தவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தால் கண்ணுக்குப் புகைக்கரி தெரியாது. அகச்சிவப்புப் படமும், வெடிமருந்து எச்சத்தைக் காட்டும் நைட்ரைட் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள்.

ஆய்வக இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் கொடுத்த ரிப்போர்ட், குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 329-ன்படி சாட்சி இல்லாமலே கோப்பில் ஏறிவிடும். நிபுணரை அழைக்க மனு போடுவது உங்கள் வேலை. மறுஆய்வு கேட்பதாக இருந்தால் பழைய சோதனை உறைகளை வைத்தே கேளுங்கள். சில வருடம் நீதிமன்றச் சொத்து அறையில் கிடந்து துருவேறிய ஆணியை மறுபடி குத்தவிட்டால் கிடைக்கும் அச்சு பழைய அச்சாக இருக்காது.