பி.ஃபார்ம் முடித்தால் எந்தப் பக்கம்?

பி.ஃபார்ம் என்ற மருந்தியல் பட்டப்படிப்பில் கடைசி வருடம் படிக்கும் அக்கா மகன், "எந்தப் பக்கம் போகலாம் சித்தி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மருந்து கம்பெனி என்றாலே எல்லாருக்கும் டாக்டர்களைப் பார்த்து மருந்தை எடுத்துச் சொல்லும் ரெப் வேலைதான் ஞாபகம் வருகிறது. அலைச்சல், டார்கெட் எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனிக்குள்ளேயே உற்பத்தி, தரப் பரிசோதனை என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. சென்னையில் ஃபார்மகோவிஜிலென்ஸ் என்று ஒரு துறை: மருந்தால் வரும் பக்கவிளைவுகளைப் பதிந்து ஆராய்வது. ஆங்கிலம் நன்றாக எழுத வர வேண்டும், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு டி.ஃபார்ம் டிப்ளமோவே போதும், அதனால் போட்டி பயங்கரம். மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) ஆக டிப்ளமோ போதாது, பட்டம் வேண்டும். ஆனால் அறிவிப்பு எப்போதோ ஒருமுறைதான் வரும். அதை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதே என்றேன்.

மேலே படிக்க ஆசையா? ஜிபேட் நுழைவுத் தேர்வு எழுது. தேறினால் எம்.ஃபார்முக்கு மாத உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். சர்டிஃபிகேட்டை மெடிக்கல் கடைக்கு வாடகைக்கு விடச் சொல்லி யாராவது வருவார்கள். சும்மா இருந்தே மாதம் ஒரு தொகை என்பார்கள். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும். அங்கே தப்பான மாத்திரை போனால் சுவரில் மாட்டியிருப்பது உன் பெயர்தான். கடையில் நிற்க விருப்பமென்றால் நீயே போய் நில், நல்ல வேலைதான் அது.