மொட்டை மாடி பாலக்கு

மண்ணே இல்லாம, டேங்க்லருந்து வர்ற சத்துத் தண்ணியிலயே கீரை வளக்குறேன்னு பிவிசி பைப்ல ஓட்டை போட்டு ஆரம்பிச்சேன்ல, பாலக்கு முதல் அறுப்பு வந்துருச்சு, அம்மாவாலயே நம்ப முடியல. லெட்டூஸ்தான் (சாலட்ல போடுற கீரை) காலை வாரிடுச்சு. சென்னை மே வெயில்ல டேங்க் தண்ணி வெந்நீராட்டம் ஆகி, தண்ணி சூடானா ஆக்சிஜன் கொறஞ்சுரும்ல, வேரெல்லாம் பழுப்பா கொழகொழன்னு அழுகி ஒரே நாத்தம், மிச்சமிருந்ததும் தண்டு நீண்டு பூ விட்டு கசந்துருச்சு.

இப்ப டேங்க்கை நிழலுக்கு மாத்தி ஈரச்சாக்கு சுத்தி ஏர் பம்ப் போட்டாச்சு. தண்ணியோட பிஹெச் (அமில-கார அளவு) 5.5லருந்து 6.5க்குள்ள நிக்குதான்னு தெனம் காபிக்கு முன்னாடி பாக்குறேன் (நம்ம போர் தண்ணிக்கு அது ஏறிட்டே போகுது, கடுப்பு). கரண்ட் போனா பம்ப் நின்னுரும்ல, அதான் பக்குங்குது, நேத்து மதியம் 2 மணி நேரம் மக்கால மொண்டு மொண்டு ஊத்துனேன், பக்கத்து வீட்டு அக்கா "ஏன்டா ஒரு கட்டு கீரைக்கா இந்த பாடு"ன்னு சிரிக்கிறாங்க 😅