சோளிங்கர் படிகளில் உதவாமல் போன பெட்டி

நேற்று இரவுதான் சோளிங்கரிலிருந்து வேலூர் திரும்பினோம். களைப்பும் தீரவில்லை, கோபமும் தீரவில்லை. கோபம் குரங்கின் மேல் அல்ல. 650 ரூபாய் கொடுத்து நான் வாங்கிச் சென்ற முதலுதவிப் பெட்டியின் மேல்.

போகும்போது பஸ்ஸில் கடைசி வரை நின்றுகொண்டே போனோம். சோளிங்கரில் இறங்கியதும், கொண்டபாளையம் அடிவாரத்துக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார். பக்கத்திலிருக்கும் அடிவாரத்துக்கு 250! அம்மாவால் வெயிலில் நடக்க முடியாது என்பதைப் பார்த்துச் சொன்ன விலை அது. பேசிப் பேசி 200 கொடுத்தோம். அதுவே அநியாயம்.

அம்மாவை ரோப் காரில் அனுப்பிவிட்டு நானும் அக்காவும் அவள் மகனும் படியேறினோம். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படிகள். வழியெங்கும் குரங்குகள். பாதி தூரத்தில் ஒன்று பையன் கையிலிருந்த பழப்பையைப் பற்றி இழுத்தது. அவன் விடவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கீறல், இரத்தம் கசிந்தது.

பெட்டியைத் திறந்தேன். பஞ்சு, விரலில் ஒட்டும் பிளாஸ்திரி இருபது, துணியைக்கூட வெட்டாத கத்தரிக்கோல், ஒரு விசில். சோப்பு இல்லை. குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும் முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான். ரேபிஸ் கிருமி நரம்பைப் பிடிப்பதற்கு முன் காயத்திலிருந்து அதைக் கழுவித் தள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பெரியவர், “சுண்ணாம்பு தடவு தம்பி, சரியாகிவிடும்” என்றார். “வேண்டாம் ஐயா, அது புண்ணைத்தான் கெடுக்கும்” என்று அக்கா தடுத்துவிட்டாள். மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் துணி சோப்பில் ஒரு துண்டு கொடுத்து, குழாய் இருக்கும் இடத்தையும் காட்டினார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும். கட்டுப் போடவில்லை, இப்படிப்பட்ட காயத்தை மூடக் கூடாது.

அப்படியே இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போனோம். இரத்தம் வந்திருந்ததால் தடுப்பூசியோடு, ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் சீரம் என்ற மருந்தையும் காயத்திலேயே செலுத்தினார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. இன்னும் 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி இருக்கிறது. நரசிம்மரை இந்த முறை அம்மா மட்டும்தான் பார்த்தார்.

இன்று காலை முதல் வேலையாக ஆற்காடு ரோட்டுக்குப் போனேன். வரிசையாக மருந்துக் கடைகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, ஆயத்தப் பெட்டியை ஏன் வாங்கினேனோ! ஒரு சிறு சோப்பு, போவிடோன் அயோடின் களிம்பு, காஸ் துணி, சுளுக்குக்குக் கிரேப் பேண்டேஜ், பாராசிட்டமால், நல்ல கத்தரிக்கோல், ஐந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்கூட ஆகவில்லை. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்: பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலக்கினால் பிள்ளைகளுக்குக் கெடுதல். வேலூர் வெயிலில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அடிக்கடி தேவைப்படும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையையும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக வைத்துவிட்டேன்.

அடுத்து ஜவ்வாது மலைக்குப் போகும் எண்ணம் இருக்கிறது. பாம்புக்கடிக்கு என்று விற்கும் உறிஞ்சு கருவியை கடைக்காரர் எடுத்துக் காட்டினார், வாங்கவில்லை. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐ அழைப்பதுதான் வழி. மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், போகும் வழியில் இருக்கும் அரசு மருத்துவமனைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் பையனுக்கு இரண்டாவது ஊசி. அது முடிந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும்.