அம்மாவின் பழைய பெட்டியில் வசந்தம்

சிங்கப்பூரில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2017 இறுதியோடு நிறுத்திவிட்டு, மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பு மட்டுமே இருக்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 2018 டிசம்பர் 31 வரை என்று ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். அவர்கள் தள்ளிப்போட்டதால் நானும் தள்ளிப்போட்டேன். 2018 நவம்பரில் அம்மா தொலைபேசியில் அழைத்து, தமிழ் அலைவரிசையான வசந்தம் நின்றுவிடுமாமே என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் அவர் வீடு இருக்கும் தோ பாயோவுக்குக் கிளம்பினேன்.

அம்மாவின் டிவி 21 அங்குலக் குழாய்ப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். புதியது வாங்கித் தருகிறேன் என்றால், அப்பா வாங்கியது, படம் நன்றாகத்தானே தெரிகிறது என்பார். அந்த வாதத்துக்கு மறுவாதம் கிடையாது. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கு, மின்னிலக்க அலையைப் பழைய டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் செட்-டாப் பாக்ஸும் உள்ளறை ஆன்டெனாவும் அப்போது இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்து பொருத்தியும் தந்தார். எதற்கு ஆள், நான் இருக்கிறேனே என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் தவறு அங்கேயே. பாக்ஸின் பின்புறத்தில் ஆன்டெனாவுக்கு இரண்டு துளைகள் இருந்தன, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே என்றிருந்ததிலிருந்து டிவியின் ஆன்டெனா துளைக்கு வயரை இழுத்துவிட்டு, அலைவரிசை தேடச் சொன்னேன். பாக்ஸின் படம் எந்த எண்ணிலும் வரவில்லை. அரை மணி நேரம் போன பிறகு புரிந்தது: அந்தத் துளை வந்த அலையை அப்படியே அடுத்த கருவிக்குத் தள்ளிவிடுமே தவிர, பழைய டிவிக்குப் புரியும்படி மாற்றித் தராது.

படமும் ஒலியும் தனித்தனி முனைகளில் போகும் ஏவி வயர் வழியாகத்தான் படம் போக வேண்டும். டிவியின் பின்னால் அதற்கு இடமே இல்லை. கடைசியில் முன்பக்கத்தில், பொத்தான்களுக்குக் கீழே இருந்த சிறு மூடியைத் திறந்தால், படத்துக்கு மஞ்சள் துளை ஒன்றும் ஒலிக்கு வெள்ளை ஒன்றும். ஒற்றை ஒலிப்பெட்டி என்பதால் சிவப்புக்கு வேலை இல்லை. இழுப்பறையில் கிடந்த பழைய வீடியோ கேமரா வயரைச் செருகினேன். திரை கறுப்பு; ஒலிபெருக்கியில் 'உர்' என்ற இரைச்சல். மஞ்சளைப் பிடுங்கிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த சிவப்பை மஞ்சள் துளையில் குத்தினேன். பளிச்சென்று பாக்ஸின் பட்டியல் (மெனு) வந்தது. அந்த வயரில் படம் சிவப்பு முனையில் ஓடுகிறது! நிறத்தை நம்பி வயர் செருகக் கூடாது என்று யார் நினைத்தார்கள்?

அடுத்தது ஆன்டெனா. அனலாக்கில் அலை நலிந்தாலும் படம் புள்ளியோடும் நிழலோடும் எப்படியாவது வந்து நிற்கும். மின்னிலக்கத்தில் அந்தத் தயவு இல்லை. ஓர் அளவு வரை கண்ணாடி போன்ற படம். அதற்குக் கீழே போனால் செய்தி வாசிப்பவர் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, பேச்சு விக்கி, திரை இருண்டுவிடும். பாக்ஸின் பட்டியலில் அலையின் வலிமைக்கு ஒரு பட்டை, தரத்துக்கு ஒரு பட்டை. நான் வலிமையையே பார்த்து ஏமாந்தேன். பார்க்க வேண்டியது தரம். டிவிக்கு மேலே வைத்தால் தரம் ஊசலாடியது. ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக் குன்றில் இருக்கிறது. தோ பாயோவுக்கு மேற்கே. ஆன்டெனாவை மேற்குச் சன்னல் ஓரம், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் பட்டை அசையாமல் நின்றது. அம்மாவுக்குத் தொட்டியை ஒரு சாண் நகர்த்தியதில்தான் வருத்தம்.

ஏழு அலைவரிசைகளும் வந்துவிட்டன. ஆனால் அகலப் படத்தைப் பெட்டி நீட்டி இழுத்ததில் எல்லோரும் ஒல்லியாகிவிட்டார்கள். பக்கங்களை வெட்டும் அமைப்பில் போட்டால் எழுத்தின் முதலும் கடைசியும் காணாமல் போயின. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் அமைப்புக்கு மாற்றினேன். டிவி சின்னதாகிவிட்டதே என்றார் அம்மா. ஒரு வாரம் பழகட்டும் என்றேன்.

இத்தனையும் ஒரு பிற்பகல் வேலை. உண்மையான சிக்கல் ரிமோட். இப்போது இரண்டு. அலைவரிசை மாற்றுவது பாக்ஸ் ரிமோட்டில். பழைய ரிமோட்டில் பழக்கதோஷத்தில் ஓர் எண்ணை அழுத்தினால், டிவி ஏவியிலிருந்து நழுவி, பாக்ஸின் படம் காணாமல் போய்விடும். முதல் வாரத்தில் நான்கு முறை அழைப்பு வந்தது. எல்லாம் இரவு எட்டரை மணித் தமிழ்ச் செய்தி நேரத்தில். சனிக்கிழமை போய், பழைய ரிமோட்டின் எண்கள் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, பவர், ஒலி, ஏவி பொத்தான்களை மட்டும் விட்டுவைத்தேன். பாக்ஸ் ரிமோட்டில் வசந்தத்துக்கு உரிய எண்ணில் அம்மாவே ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

இவ்வளவும் எதற்காக என்றால், அனலாக் காலி செய்யும் அலைக்கற்றை கைபேசி நிறுவனங்களுக்கு என்று முடிவாகியிருந்தது. 2017இலேயே ஏலம் விட்டுவிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வைத்திருப்பது பொத்தான் கைபேசி.

புத்தாண்டுக்குப் பிறகு போனபோது, எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று ஏவியிலிருந்து பழைய அலைவரிசைக்கு மாற்றினேன். எல்லா எண்ணிலும் இரைச்சல்தான். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, செய்திக்கு நேரமாகிறது, கெடுத்துவிடாதே என்றார்.