டிராம் என்று சொல்லாத டிராம்

மெல்போர்னில் அக்கா மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் கில்டா கடற்கரைக்குக் கிளம்பினோம். பர்க் ஸ்ட்ரீட்டில் 96ஆம் எண் டிராம் பிடித்தோம். நகருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, மணியடித்து ஊர்ந்த வண்டி, யாரா ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையை விட்டு விலகியது. அப்புறம் இருபுறமும் வேலி, அடியில் ஜல்லி. எடுத்தது பார் ஒரு வேகம்!

"என்னடா, ரயில் மாதிரி போகுது?"

"பழைய ரயில் பாதைதான் மாமா."

கடற்கரையில் இருக்கும் லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் பழைய செயின்ட் கில்டா ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். அவனும் முனகிக்கொண்டே இறங்கினான்.

இங்கே முதல் ரயில் வந்தது 1857 மே 13 அன்று. ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் மெல்போர்னிலிருந்து துறைமுகத்துக்கு ஓடியது 1854இல். மூன்றே வருடத்தில் இந்தக் கடலோரத்துக்கும் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1919இல் மின்சார ரயில் வந்தது. அதெல்லாம் எந்த ஸ்டேஷனுக்கும் உள்ள கதைதான். இந்த ஸ்டேஷனின் வேடிக்கை 1906இல் நடந்தது.

அப்போது மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் முதல்வர் தாமஸ் பென்ட். மெல்போர்னின் புறநகரான பிரைட்டன் பக்கத்து ஆள், நில வியாபாரத்தில் ஊறியவர். செயின்ட் கில்டா ஸ்டேஷன் வாசலிலிருந்து அவருடைய பிரைட்டன் பக்கம் ஒரு மின்சார டிராம் விட ஏற்பாடானது. நடத்தியது ரயில்வே. தெருவில் ஓடும் வண்டி, மேலே கம்பி, யார் பார்த்தாலும் டிராம். ரயில்வேக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. 'எலெக்ட்ரிக் ஸ்ட்ரீட் ரயில்வே' என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு விட்டார்களா? தண்டவாளத்தையும் ரயிலுக்குரிய 1,600 மில்லிமீட்டர் அகலத்திலேயே போட்டார்கள். பழுதானால் ரயில் பாதை வழியாகவே பட்டறைக்கு இழுத்துப் போகலாம் என்பது கணக்கு. ஊரின் மற்ற டிராம்களுக்கு 1,435. ஆக, ஒரே ஊரில் இரண்டு டிராம்; ஒன்றின் பாதையில் மற்றது ஓட முடியாது. இந்த வீம்பு 1959 பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் பஸ் விட்டுவிட்டார்கள்.

ரயிலின் முறை 1987இல் வந்தது. ஜூலை 31 அன்று ரயிலை நிறுத்தினார்கள். 1,600 மில்லிமீட்டர் பாதையை 1,435 ஆகச் சுருக்கினார்கள். 1,500 வோல்ட் மின்சாரத்தை 600க்கு இறக்கினார்கள். நவம்பர் 20 அன்று அதே வழியில் டிராம் ஓடியது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. டிராம் என்று சொல்லவே கூசியவர்களின் ஸ்டேஷனுக்குள் டிராம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இவனுக்கு விளக்கினேன். "சரி மாமா, பசிக்குது" என்றான்.

கட்டடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் ஜன்னலும் காத்திருப்போர் பெஞ்சும் போய்க் கடைகளாகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஆள் புழங்கினால்தான் கட்டடம் நிற்கும்.

கடற்கரைப் பக்கம் போகும் டிராம் ஒன்று வந்தது. ஸ்டேஷனை ஒட்டி மெதுவாக உருண்டு, ஃபிட்ஸ்ராய் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பும் வளைவில் சக்கரம் கிறீச்சிட, மணியடித்துக்கொண்டு கார்களுக்கு நடுவே நுழைந்தது. ரயில் பாதை முடிந்த இடம் அதுதான். அந்தக் காலத்து ரயில் அதற்கு மேல் ஓரடி போயிருக்க முடியாது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு டிராம்களை விட்டேன்.

இவன் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"இன்னும் போகலை. மாமா ரயில்வே ஸ்டேஷன் பார்த்துட்டு இருக்கார்" என்றான்.

"செயின்ட் கில்டாவுல ஏது ரயில்வே ஸ்டேஷன்?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.