கடலோரத் துறவி: பார்த்த நாட்கள்

மார்ச் 3
ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிச்சின் ‘கடலோரத் துறவி’. இன்று அடிவானம் மட்டும். படம் 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம். நான்கில் மூன்று பங்குக்கு மேல் வானம். அதன் கீழே கறுத்த பட்டையாகக் கடல், அதற்கும் கீழே வெளிறிய மணல்மேடு. ஓரத்தில் ஒரு மரம்கூட இல்லை. கண் பற்றிக்கொண்டு உள்ளே போக எதையுமே ஃப்ரீட்ரிச் வைக்கவில்லை. 1810-லேயே ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதிவிட்டார், இமைகளை வெட்டி எடுத்தது போல இருக்கிறது என்று.

மார்ச் 4
போன் வரவில்லை.

மார்ச் 6
கட்டைவிரலால் துறவியை மறைத்துப் பார்க்கவேண்டும். மறைத்தால் வெறும் மேகமூட்டம். விரலை எடுத்ததும் அந்த வானம் ஒருவர் தலைமேல் வந்து இறங்குகிறது. படத்தில் நிமிர்ந்து நிற்பது அவர் ஒருவர்தான். அவர் தலையும் அடிவானத்தைத் தாண்டவில்லை, கடலின் கறுப்போடு முடிந்துவிடுகிறது. 1818 வாக்கில் ஃப்ரீட்ரிச்சே வரைந்த மூடுபனிப் பயணியும் முதுகு காட்டித்தான் நிற்கிறான். ஆனால் படத்தின் நடுவில், பெரிதாக, பனிக்கு மேலே. அங்கே ஏறிவந்த பெருமிதம். இங்கே அது துளியும் இல்லை. முதுகைக் கண்டவுடன் ‘தனிமை’ என்று எழுதினால் இரண்டு படமும் ஒன்றாகிவிடும். உருவம் எவ்வளவு பெரிது, தலை எதன்மேல் படிகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும்.

மார்ச் 7
பறவை ஆன்மா, கடல் மரணம். அகராதி போல எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டேன்.

மார்ச் 9
பழைய அச்சுகளை நம்பக்கூடாது. மேல்பூச்சு பழுத்து மஞ்சளான காலத்துப் பிரதியில் வானம் அந்தி போலத் தெரியும். சீரமைப்பு முடிந்து 2016-ல் பெர்லினில் மீண்டும் வைத்த பிறகு பார்த்தால் நீலம் இருக்கிறது. போனில் வெளிச்சத்தைக் குறைத்தால் பறவைகளே காணாமல் போகும். பக்கங்களை வெட்டிய பிரதியில் வெறுமை பாதியாகிவிடும்.

மார்ச் 10
கப்பல்கள். அகச்சிவப்புப் படத்தில் தெரிகின்றன. வரைந்திருக்கிறார், பிறகு மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். கடற்கரை என்றதும் நமக்கு நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல். ஆனால் இரங்குபவளுக்கு வரவேண்டியவன் ஒருவன் உண்டு. அந்தக் கப்பல்கள் இருந்திருந்தால் துறவியும் காத்திருப்பவராகியிருப்பார். மறைத்ததும் அவர் எதிரே எதுவும் இல்லை, வரப்போவதும் இல்லை. இதை இரங்கல் என்று சொல்ல முடியாது. இந்தப் படத்தின் முக்கியமான குறியீடு படத்தில் இல்லை.

மார்ச் 11
இன்றும் இல்லை. அந்தக் கப்பல்கள்.

மார்ச் 13
1810 பெர்லின் அகாதெமிக் கண்காட்சியில் இது ஃப்ரீட்ரிச்சின் ‘ஓக் மரங்களிடையே மடாலயம்’ படத்தோடு ஜோடியாக வந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டையும் வாங்கினார். மடாலயப் படத்தில் துறவிகள் இடிந்த வாசலை நோக்கிச் சவப்பெட்டி சுமக்கிறார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் கடலோரத் துறவி நிற்பது சாவுக்கு முந்தைய நிற்றல். தனியே பார்த்தால் அப்படித் தோன்றவே இல்லை. எந்தப் பார்வையில் எழுதுகிறோம் என்று சொல்லிவிடவேண்டும். 1787-ல் பனிக்கட்டி உடைந்து ஓவியரின் தம்பி மூழ்கியதையும் இதற்குள் இழுக்கலாம். படம் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 14
கை. மோவாய் அருகே போகிற அந்தக் கையை இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லை.